பீட்ஸ் போட்டவரைப் பார்த்து ஏன் சிரிக்கிறோம்?

கூடுவாஞ்சேரி குமரன்:

ஹெட்போன் பிரியர்கள் கூடும் இடங்களில் ஒரு பழக்கம் ஊறிப்போய்விட்டது. ரயிலிலோ ஏர்போர்ட்டிலோ யாராவது பீட்ஸ் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நின்றால் போதும், இளக்காரம் ஆரம்பித்துவிடும். போன வாரம் ஒரு வாட்ஸ்அப் குழுவில், மெட்ரோவில் நின்ற ஒரு கல்லூரிப் பெண்ணை அவருக்கே தெரியாமல் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். கீழே வரிசையாகக் கிண்டல். அவர் என்ன பாட்டு கேட்டார், அது எப்படிக் கேட்டது என்று அங்கே யாருக்கும் தெரியாது. படத்தில் சத்தம் வராது. ஆளைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறார்கள்.

பீட்ஸ் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்ப்போம். 2006இல் ராப் கலைஞர் டாக்டர் ட்ரேயும் இசைத் தயாரிப்பாளர் ஜிம்மி அயோவினும் தொடங்கிய நிறுவனம் அது. முதல் ஹெட்போன் 2008இல் வந்தது. தயாரித்துக் கொடுத்தது, கேபிள் விற்றுப் பேர் வாங்கிய மான்ஸ்டர். அதே ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குப் போன அமெரிக்கக் கூடைப்பந்து அணியில் லெப்ரான் ஜேம்ஸ் தன் சக வீரர்களுக்கெல்லாம் ஒன்று கொடுத்தார். உலகமே பார்த்தது. அதற்கு முன்னால் தெருவில் தெரிந்தது ஐபாடின் வெள்ளை ஒயர்தான். பெரிய ஹெட்போன் ஸ்டுடியோவிலும் வீட்டிலும் இருந்தது. அதை வெளியே மாட்டிக்கொண்டு நடப்பது இயல்புதான் என்று ஆக்கியவர்கள் இவர்கள். இன்று நாம் சோனியோ போஸோ சென்ஹைசரோ தலையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறுகிறோம் என்றால் அந்த வழி அப்போது போட்டது.

சத்தம் சரியில்லை என்ற குறை முதல் சில மாடல்களுக்குப் பொருந்தும். பேஸ் என்கிற தாழ்ந்த ஒலி பெருத்துக் குரலை மூடிவிடும், ஒத்துக்கொள்கிறேன். 2014இல் ஆப்பிள் 300 கோடி டாலருக்கு வாங்கிய பிறகு வந்தவை அப்படி இல்லை. 2023இல் வந்த ஸ்டுடியோ ப்ரோவை உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். யுஎஸ்பி-சி கேபிள் போட்டால் லாஸ்லெஸ், அதாவது பதிவில் எதுவும் குறையாத ஒலி வரும். அதே ஆப்பிளின் விலை கூடிய ஏர்பாட்ஸ் மேக்ஸுக்கு அந்த வசதி 2025இல்தான் கிடைத்தது.

பிராண்டுக்காக வாங்குவதை நாம் பந்தா என்கிறோம். சரி. அந்த பிராண்டை வாங்கியவரைத் தாழ்வாகப் பார்ப்பதும் அதே பந்தாதானே? அவர் லோகோவைக் காட்டித் தன்னை உயர்த்திக்கொள்கிறார் என்றால், நாம் அவருடைய லோகோவைக் காட்டி நம்மை உயர்த்திக்கொள்கிறோம்.

ரிச்சி தெரு ராஜா:

குமரன், மனசு புரிகிறது. ஆனால் கடையில் நிற்பவன் பார்ப்பதையும் சொல்கிறேன்.

ரிச்சி தெருவில் ரொம்ப வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். கேட்டுப் பார்த்துவிட்டு வாங்குகிறேன் என்பவர்கள் குறைவு. "அந்த ‘பி’ போட்டது இருக்கா?" என்றுதான் வருவார்கள். அசல் விலையைச் சொன்னால் "டூப்ளிகேட் இருந்தாலும் பரவாயில்லை, லோகோ மட்டும் அழியாமல் இருக்கணும்" என்பார்கள். நான் டூப்ளிகேட் வைப்பதில்லை, அதனால் நாலு கடை தள்ளிப் போய்விடுவார்கள். லோகோ போதும், சத்தம் எப்படியும் இருக்கட்டும் என்று காசு கொடுப்பவரைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வராது, வருத்தம் வரும். அதே காசில் அருமையான ஒன்றை எடுத்துக் கொடுக்க முடியும்.

இன்னொன்று. அதன் உள்ளே கனம் வேண்டும் என்பதற்காகவே உலோகத் துண்டுகளை வைக்கிறார்கள் என்று பிரித்துக் காட்டினார்களே? கையில் எடுத்தால் ‘வெயிட்டா இருக்கு’ என்று தோன்றவேண்டும், அவ்வளவுதான். அதற்கும் மரியாதை கொடுக்கச் சொல்கிறீர்களா?

சாலிகிராமம் உமா:

ராஜா அண்ணா, அந்தக் கதையில் பாதிதான் ஊர் முழுக்கச் சுற்றுகிறது. 2015இல் ஒருவர் பிரித்து எழுதியது பரவியதே, அவர் பிரித்தது போலி ஹெட்போன் என்று பிறகு தெரியவந்தது. அப்புறம் அசலை வாங்கிப் பிரித்தார்கள். அதிலும் உலோகத் துண்டு இருந்தது, அதனால் உங்கள் சந்தேகம் முழுக்கத் தப்பில்லை. ஆனால் முதல் கட்டுரையைப் பகிர்ந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டாவதைப் பார்க்கவே இல்லை. தங்களுக்குப் பிடித்த முடிவு முதலிலேயே கிடைத்துவிட்டது.

நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறேன். எங்கள் மேஜையில் கிடப்பது சோனி எம்டிஆர்-7506. 1991இல் வந்த மாடல், ஓரத்தில் நீலப்பட்டை, சுருள் ஒயர். டப்பிங் பேச வருபவர், வயலின் வாசிப்பவர், நான், எல்லோரும் அதையேதான் மாட்டுகிறோம். பேட் உரிந்தால் மாற்றுவோம். வெளியில் அதை மாட்டிக்கொண்டு போனால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். சத்தத்தில் ஒரு ‘ஸ்’ கொஞ்சம் தூக்கலாக வந்தாலும் அதில் பிடித்துவிடலாம், அதற்காகத்தான் அது.

விலைக்கும் சத்தத்துக்கும் உள்ள உறவைப் பற்றி உருப்படியான ஆய்வு ஒன்று இருக்கிறது. 2017இல் யெருன் ப்ரீபார்ட் என்பவர் 283 ஹெட்போன், இயர்போன்களின் அளவீடுகளை எடுத்து, அவற்றின் அலைவரிசை வளைவையும் கடை விலையையும் ஒப்பிட்டார். பேஸ் எவ்வளவு, குரல் எவ்வளவு, ட்ரெபிள் என்கிற கூர்மையான ஒலி எவ்வளவு என்று சொல்வது அந்த வளைவுதான். விலைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை என்று வந்தது. வளைவு மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது, காதில் உட்காரும் விதம், எடை, உழைப்பு எல்லாம் தனி. ஆனாலும் "விலை ஏற ஏறச் சத்தம் நன்றாக ஆகும்" என்று நம்பிக் கடன் வாங்குபவர்களிடம் இதை நான் சொல்லாமல் விடுவதில்லை.

தாம்பரம் ஃபாஸ்ட்:

எனக்கு இரண்டு பக்கமும் அடி. சோனி எக்ஸ்எம்5 புளூடூத் ஹெட்போன் வைத்திருக்கிறேன். ஆபீஸில் "என்ன சார், சீன் போடறீங்களா?" என்கிறார்கள். இங்கே மாதிரி இடங்களில் வந்து சொன்னால் "புளூடூத்தா? அப்ப அது மியூசிக்கே இல்லை" என்கிறார்கள். ஒருத்தருக்கு விலை அதிகம், இன்னொருத்தருக்குக் குறைவு. காலை எட்டு மணி லோக்கலில் தொங்கிக்கொண்டு போகிறவனுக்கு ஒயரும் சத்தத்தைப் பெருக்கும் ஆம்பும் எங்கே வைப்பது?

பர்மா பஜார் பாலு:

பிள்ளைகளா, இந்தப் பேச்சு உங்கள் காலத்தில் தொடங்கியது இல்லை.

சோனி வாக்மேன் 1979 ஜூலையில் ஜப்பானில் வந்தது. இங்கே கடைகளில் கிடைக்காது. யாராவது சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ கொண்டு வரவேண்டும், இல்லையென்றால் பீச் ஸ்டேஷன் எதிரில் பர்மா பஜாருக்குப் போகவேண்டும். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக 1969இல் உண்டான சந்தை அது. எண்பதுகளில் நாங்கள் அங்கே நடந்துபோவது வாங்குவதற்கு அல்ல, பார்ப்பதற்கு. கண்ணாடிப் பெட்டிக்குள் வாக்மேன், பக்கத்தில் மெல்லிய கம்பியும் ஸ்பாஞ்சும் வைத்த ஹெட்போன். கடைக்காரர் முகத்தைப் பார்த்தே இவன் வாங்கமாட்டான் என்று கண்டுபிடித்துவிடுவார்.

எங்கள் தெருவில் முதலில் வாக்மேன் மாட்டிக்கொண்டு நடந்தவரைப் பெரியவர்கள் திட்டினார்கள். காசைக் காட்டுகிறான் என்று யாரும் சொன்னதாக ஞாபகம் இல்லை. "கூப்பிட்டால் திரும்பமாட்டேன் என்கிறான்" என்பதுதான் குற்றச்சாட்டு. பாட்டு என்றால் டீக்கடை ரேடியோவில் தெரு முழுக்கக் கேட்பது. ஒருவன் மட்டும் தனக்குள் கேட்டுக்கொண்டு நடப்பது அன்றைக்கு மரியாதைக் குறைவு.

இதை சோனி நிறுவனத்தின் அகியோ மொரீட்டாவே யோசித்திருக்கிறார். தனியாகக் கேட்பது பக்கத்தில் இருப்பவரை அவமதிப்பது போல ஆகும் என்று நினைத்து, முதல் வாக்மேனில் இரண்டு ஹெட்போன் சொருகும்படி இரண்டு துளை வைக்கச் சொன்னார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டனும் உண்டு. அதை அழுத்தினால் பாட்டு தணிந்து, உள்ளே இருக்கும் மைக் வழியாக எதிரில் இருப்பவர் பேசுவது காதில் விழும். இன்று டிரான்ஸ்பரன்ஸி மோடு என்று விற்கிறார்களே, அந்த யோசனை அன்றே இருந்தது. மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தனியாகவே கேட்டார்கள். பின்னால் வந்த மாடல்களில் அந்தப் பட்டன் காணாமல் போனது.

ஆகவே வெளியிடத்தில் ஹெட்போன் போடுவதில் முதல் கேள்வி மரியாதை. பிராண்ட் பிற்பாடு வந்து சேர்ந்தது.

ஈஸ்ட்ஹாம் செல்வன்:

பாலு அண்ணை எழுதினது நல்லாயிருக்கு. நான் லண்டனில் இருக்கிறன். இங்கே இந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் இருக்கு, பயம்.

ஈ-பைக்கில் வந்து கையில் இருக்கிற போனைப் பறித்துக்கொண்டு போறது இங்கே சாதாரணமாகிவிட்டது. ஹெட்போனுக்கும் அது நடந்திருக்கு. 2022 தொடக்கத்தில் நியூயார்க்கில் மொபெட்டில் வந்த ஒரு கும்பல், நடந்துபோற ஆட்களின் தலையிலிருந்தே ஏர்பாட்ஸ் மேக்ஸைப் பிடுங்கிக்கொண்டு ஓடினது. சென்ட்ரல் பார்க் பக்கமெல்லாம் நடந்தது, போலீஸ் அவர்களின் படங்களை வெளியிட்டது. தலையில் 549 டாலர் இருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரிகிற வடிவம் அது. வெள்ளை ஒயர் காலத்தில் ஐபாட் பொக்கெட்டுக்குள் இருந்தது, ஒயர்தான் காட்டிக்கொடுத்தது. இப்ப பொருளே வெளியில்.

கடன்பட்டு வாங்கினதை ஸ்டேஷன் வாசலில் கழற்றிப் பைக்குள் வைக்கிற பெடியளைத் தினமும் பார்க்கிறன். மற்றவர் சிரிப்பார்களோ என்ற யோசனையே அவர்களுக்கு வராது. பறிபோய்விடுமோ என்றுதான் யோசனை.

திறந்தவெளி தினேஷ்:

எல்லோரும் சுற்றிச் சுற்றிப் பேசுகிறீர்கள். நேராகச் சொல்கிறேன். நல்லது நல்லதுதான், கெட்டது கெட்டதுதான். சென்ஹைசர் ஹெச்டி 600, 1997இல் வந்தது. இன்றும் விற்கிறது. அதைக் கேட்ட காதுக்கு இந்தத் தெரு ஹெட்போன்கள் தாங்காது. நான் அதை மெட்ரோவிலேயே மாட்டிக்கொண்டு போகிறேன், சட்டைப் பையில் போனின் டிஜிட்டல் பாட்டை ஒலியாக்கிப் பெருக்கித் தரும் ஒரு சின்ன டாக்-ஆம்ப். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். தரம் என்ன என்று நாலு பேருக்குத் தெரியவேண்டாமா? இதை அலட்டல் என்றால் அப்படியே இருக்கட்டும். நாற்பதாயிரம் கொடுத்துப் பேஸ் மட்டும் வாங்குவதை ஆதரிக்க என்னால் முடியாது.

சாலிகிராமம் உமா:

தினேஷ், ஹெச்டி 600 எனக்கும் உயிர். மிக்ஸிங்கை ஒருமுறையாவது அதில் சரிபார்க்காமல் அனுப்பமாட்டேன். ஆனால் அதை மெட்ரோவில் போடுவது அந்த ஹெட்போனுக்கே செய்யும் அநியாயம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

அது ஓப்பன் பேக். கப்பின் பின்பக்கம் வெறும் கம்பி வலை. உள்ளே அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய தகடான டயாஃப்ரம் முன்னால் தள்ளும் அளவுக்குப் பின்னாலும் தள்ளும். பின்னால் போவதை மூடிய கப்பில் அடைத்தால் அது உள்ளேயே மோதித் திரும்பும். ஓப்பன் பேக்கில் அது வெளியே போய்விடுகிறது, அதனால்தான் சத்தம் மண்டைக்குள் அடைபடாமல் விரிந்து கேட்கிறது. சென்ஹைசரே 1968இல் ஹெச்டி 414 கொண்டுவந்தபோது இதற்காகத்தான் திறந்து விட்டார்கள். திறந்த கதவு இரண்டு பக்கமும் திறந்ததுதான். உங்கள் பாட்டு பக்கத்து சீட்டுக்குப் போகிறது, ரயில் சத்தம் உங்கள் காதுக்கு அப்படியே வருகிறது.

அப்போது கை என்ன செய்யும்? வால்யூமைக் கூட்டும். ரயில் இரைச்சல் 80 டெசிபல் பக்கம் இருந்தால், பாட்டு அதற்கு மேலே போனால்தான் சொல் புரியும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் வரை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83க்கு 20 மணி. 90 டெசிபலுக்கு வாரத்துக்கே நாலு மணி நேரம்தான். தினமும் போக வர ஒன்றரை மணி நேரம் ரயிலில் என்றால் புதன்கிழமைக்குள் அந்த அளவு தீர்ந்துவிடும். காதுக்குள் இருக்கும் மயிர்ச் செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. ஹெச்டி 600இன் நுணுக்கத்தைக் கேட்கும் காதையே ஹெச்டி 600 போட்டுக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

ரயிலுக்கு நாய்ஸ் கேன்சலிங்தான் சரி. அதைக் கொண்டுவந்த அமர் போஸின் அப்பா வங்காளத்துக்காரர், சுதந்திரப் போராட்டத்தில் இருந்துவிட்டு அமெரிக்கா போனவர். 1978இல் சூரிக்கிலிருந்து பாஸ்டன் திரும்பும்போது விமான இரைச்சலில் பாட்டு கேட்க முடியாமல், அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தார். விமானிகளுக்கான ஹெட்செட் 1989இல் விற்பனைக்கு வந்தது, பொதுமக்களுக்கான குவயட்கம்ஃபர்ட் 2000இல். வெளியே இருக்கும் மைக் இரைச்சலைப் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே விடுகிறது. இன்ஜின் உறுமல், ஏசி இரைச்சல் மாதிரித் தாழ்ந்த சத்தம் அடங்கிவிடும். பேச்சுக்குரல் ஓரளவு வரும். வால்யூமைப் பாதியில் வைத்தாலே பாட்டு கேட்கும். தாம்பரம் ஃபாஸ்ட் எக்ஸ்எம்5 வாங்கியது சீன் இல்லை. அவருடைய ரயிலுக்கு அதுதான் பொருத்தம்.

தாம்பரம் ஃபாஸ்ட்:

நன்றி உமா. இதை ஆபீஸில் ஒட்டி வைக்கலாம்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சைதாப்பேட்டை, கிண்டி பக்கம் தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பவர்கள் காதில் மாட்டியதோடு கடக்கிறார்கள். மின்சார ரயில் வருவதே தெரியாது, இதில் நாய்ஸ் கேன்சலிங் வேறு. எந்த பிராண்டாக இருந்தாலும் பிளாட்பாரத்தை விட்டு இறங்கும்போது கழுத்துக்கு இறக்கிவிடுங்கள்.

கோவைக்காரி:

இவ்வளவு நேரம் படித்தேன். வெளியில் பெரிய ஹெட்போன் போடுவது எதற்கு என்று உமாவைத் தவிர ஆண்களாகவே பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் தினமும் காந்திபுரத்திலிருந்து பஸ். ஹெட்போன் மாட்டியிருப்பேன், பாதி நேரம் பாட்டு ஓடாது. பக்கத்தில் வந்து உட்காருபவர் "எங்க வேலை பாக்கறீங்க, வீடு எங்க" என்று ஆரம்பிக்காமல் இருப்பதற்கு அது. சின்ன இயர்பட்ஸ் முடிக்குள் மறைந்துவிடும், அவருக்குத் தெரியாது, நான் பதில் சொல்லவில்லை என்றால் திமிர் என்பார். பெரிய ஹெட்போன் தூரத்திலிருந்தே தெரியும், அதனால் பேச்சே எழாது. ஆகவே அது கண்ணில் படவேண்டும் என்றுதான் நான் வாங்கினேன். காட்டிக்கொள்வது என்றாலே பந்தா என்று முடிவு கட்டிவிட்டால் இந்த மாதிரி காரணம் உங்கள் கண்ணுக்குத் தெரியாமலே போகும். குமரன் சொன்ன அந்தக் கல்லூரிப் பெண் எதற்காக மாட்டியிருந்தார் என்று யாருக்குத் தெரியும்? மாட்டியும் அவரை நிம்மதியாக விடவில்லை, படம் எடுத்திருக்கிறார்கள்.

பாட்டு ஓடாமல் வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. பின்னால் யார் வருகிறார் என்று கேட்கவேண்டும்.

பர்மா பஜார் பாலு:

அம்மா, இது எனக்குத் தோன்றவே இல்லை. என் பேத்தி இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு போவதைப் பற்றி வீட்டில் ஒரு சண்டை நடந்துகொண்டிருக்கிறது. இன்று அவளிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

சிராங்கூன் ரவி:

சிங்கப்பூரிலிருந்து. இங்கே கோல்மன் ஸ்ட்ரீட்டில் அடெல்பி என்று ஒரு கட்டடம், மாடி முழுக்க ஹை-ஃபை கடைகள். சனிக்கிழமை போனால் இந்த ஏணியை முழுதாகப் பார்க்கலாம். பீட்ஸை சோனிக்காரர் இளக்காரமாகப் பார்ப்பார். சோனிக்காரரை ஹெச்டி 600காரர். அவரை ஹெச்டி 800காரர். அவரை ஜப்பானின் ஸ்டாக்ஸ் வைத்திருப்பவர். அதற்கு மேலே சென்ஹைசரின் ஹெச்இ 1 இருக்கிறது, பளிங்குக் கல்லில் செய்த ஆம்ப், விலை 50,000 யூரோவுக்கு மேல். இந்த ஏணியில் எந்தப் படியில் நின்றாலும் கீழே பார்க்க ஒருவர் கிடைப்பார்.

பிராண்ட் பிராண்ட் என்கிறோமே, அந்தப் பெயர்களுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். 1945இல் ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் சென்ஹைசர் தொடங்கிய நிறுவனத்தின் ஹெட்போன் பிரிவு 2022இல் சோனோவா கைக்குப் போனது. சோனோவா சுவிட்சர்லாந்தின் காது கேட்கும் கருவி நிறுவனம். வியன்னாவின் ஹெட்போன் நிறுவனம் ஏகேஜி, அதன் தாய் நிறுவனமான ஹார்மன் வழியாக 2017இல் சாம்சங் வசம் போனது. வியன்னாக் கூடத்தை மூடினார்கள், அங்கிருந்த பொறியாளர்கள் வெளியே வந்து ஆஸ்ட்ரியன் ஆடியோ என்று புதிதாகத் தொடங்கினார்கள். அப்படியானால் பழைய ஏகேஜியின் கைப்பக்குவம் இப்போது எந்தப் பெயரில் இருக்கிறது?

ஹெச்டி 6எக்ஸ்எக்ஸ் கதையும் உங்களுக்குத் தெரியும். 2016இல் மாஸ்டிராப் தளம் சென்ஹைசரிடம் சொல்லி ஹெச்டி 650ஐயே நிறம் மாற்றி 199 டாலருக்கு விற்றது. கடையில் அப்போது 650இன் விலை 500 டாலர். ஒரே பொருள்தான், ஆனாலும் 650தான் கொஞ்சம் ‘செழிப்பாக’ இருக்கிறது என்று வாதாடியவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

ரிச்சி தெரு ராஜா:

ரவி சொன்னதை நான் கடையில் தினமும் பார்க்கிறேன். இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். முடிவு பண்ணமுடியாமல் நிற்பவர்களிடம், லோகோ மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிய மூன்று ஹெட்போன்களைக் கொடுப்பேன். கண்ணை மூடிக்கொண்டு அவர்களுக்குத் தெரிந்த ஒரே பாட்டைக் கேட்கச் சொல்வேன். பலர் விலை குறைந்ததைக் கையில் எடுப்பார்கள். டேப்பை உரித்துக் காட்டினால் பாதிப் பேர் மனசை மாற்றிக்கொண்டு பெரிய பேரையே வாங்கிப் போகிறார்கள். அது அவர்கள் காசு, நான் தடுப்பதில்லை. மீதிப் பாதிப் பேர் மிச்சக் காசோடு சந்தோஷமாகப் போகிறார்கள், அவர்களுக்காகத்தான் டேப் ஒட்டுகிறேன்.

சாலிகிராமம் உமா:

அருமையான வேலை அண்ணா. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், மூன்றின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஒன்று ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலே காது அதைத்தான் நல்லது என்று சொல்லும், ‘கூடுதல்’ என்று சொல்லாது. போனில் சத்தம் அளக்கும் ஆப் போதும், மைக்கை ஒவ்வொரு கப்பிலும் ஒரே மாதிரி வைத்துப் பாருங்கள்.

இன்னொரு சிக்கல், தலையில் வைத்ததும் கனத்தை வைத்தே இது எது என்று ஆள் கண்டுபிடித்துவிடுவார். ஏர்பாட்ஸ் மேக்ஸ் 385 கிராம், கண்ணைக் கட்டினாலும் தெரியும். ஹார்மன் ஆய்வகத்தில் ஷான் ஆலிவ் குழு இதற்கு ஒரு வழி செய்தார்கள். ஒரே ஒரு ஹெட்போனைத் தலையில் வைத்துவிட்டு, மற்ற மாடல்களின் அலைவரிசையை ஈக்வலைசரில் போட்டு மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார்கள். தலையில் இருப்பது மாறாததால் பெயரும் கனமும் தீர்ப்பில் கலக்கவில்லை. பெரும்பாலோருக்குப் பிடித்தது, நல்ல ஸ்பீக்கரை நல்ல அறையில் வைத்தால் கேட்பது போன்ற சத்தம்தான். இன்று எல்லோரும் சொல்லும் ஹார்மன் வளைவு இந்த வேலையில் பிறந்தது.

திறந்தவெளி தினேஷ்:

உமா, காது பற்றிச் சொன்னதற்கு எதிர்ப்பேச்சு இல்லை. ஹெச்டி 600 இனி வீட்டில்தான். ரயிலுக்கு மூடிய ஒன்று பார்க்கிறேன்.

ஆனால் பிராண்ட் மேல் எனக்குள்ள பற்று வெறும் பேருக்கு இல்லை, அதைச் சொல்லவேண்டும். ஹெச்டி 600இல் பேட், தலைப்பட்டை ஸ்பாஞ்ச், கேபிள், கம்பி வலை எல்லாம் கையாலேயே கழற்றலாம். உள்ளே ஒலி எழுப்பும் டிரைவர்கூட உதிரிப் பாகமாகக் கிடைக்கிறது. என்னுடையது இரண்டாவது கை, எனக்கு முன்னால் ஒருவர் பல வருடம் கேட்டது. பேட்டும் கேபிளும் மாற்றினேன், புதிது போல இருக்கிறது. இன்று வரும் விலை கூடிய புளூடூத் ஹெட்போன்களில் பேட்டரி போனால் பெரும்பாலும் கதை முடிந்தது. முப்பதாயிரம் போட்டு நாலு வருடத்தில் தூக்கிப் போடுவதா? ஒரு கம்பெனி கால் நூற்றாண்டுக்கு முந்தைய மாடலுக்கு இன்னும் உதிரிப் பாகம் கொடுத்தால், அந்தப் பெயரை நான் மதிப்பேன். அதில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை.

கூடுவாஞ்சேரி குமரன்:

தினேஷ், இதில் எனக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை. இது அனுபவத்தில் வந்த மதிப்பு. பொருளைப் பற்றி எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் பேசுவோம். பீட்ஸின் பழைய மாடலில் கீல் உடைகிறது என்றால் உடைகிறது என்று எழுதுவோம், வாங்கப் போகிறவருக்கு அது உதவும். மாட்டியிருக்கும் ஆளை விட்டுவிடுவோம்.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். லோகோவைப் பற்றிய இந்தக் கவலை நம்மைவிட கம்பெனிகளுக்கு அதிகம். 2014 உலகக்கோப்பைக் கால்பந்தில் சோனி ஸ்பான்சர் என்பதால் மைதானத்துக்குள் பீட்ஸ் மாட்டக்கூடாது என்று வீரர்களுக்குத் தடை. அதே ஆண்டு அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல் போஸுடன் ஒப்பந்தம் போட்டிருந்தது. அதன் வீரர் காலின் கேப்பர்நிக் பேட்டிக்குக் கழுத்தில் பீட்ஸோடு வந்தார், 10,000 டாலர் அபராதம். கழுத்தில் கிடந்ததற்கு! தெருவில் யார் தலையில் எந்தப் பெயர் தெரிகிறது என்பது அவர்களுக்குக் கோடிக்கணக்கான வியாபாரம். அந்தப் போட்டியை நாம் ஏன் நமக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டு சண்டை பிடிக்கவேண்டும்?

வாட்ஸ்அப் குழுவில் இந்த இழையின் சுட்டியைப் போட்டிருக்கிறேன். அனுமதி இல்லாமல் ஆட்களைப் படம் எடுத்துப் போடக்கூடாது என்று அங்கே விதி வைக்கச் சொல்லி அட்மினிடம் பேசுகிறேன்.

கோவைக்காரி:

அது நடந்தால் சந்தோஷம், குமரன்.

ராஜா அண்ணா, ஒரு உதவி. என் ஹெட்போன் பேட் வேர்வையில் ஊறித் தோல் தோலாக உரிகிறது. காதோரம் கறுப்புத் துகள் ஒட்டுகிறது. தலைப்பட்டை வேறு பூ வைத்த இடத்தில் அழுத்துகிறது. துணி பேட் போடலாமா?

ரிச்சி தெரு ராஜா:

போடலாம்மா. உரிவது ரெக்சின், நம்ம ஊர் வெயிலுக்கு எல்லா பிராண்டும் உரியும். மாடல் நம்பரை அனுப்புங்கள், வெல்வெட் துணி பேட் கிடைக்கிறதா பார்க்கிறேன். தலைப்பட்டையைக் கொஞ்சம் பின்னால் தள்ளாமல் முன்னால், வகிடு பக்கம் கொண்டுவந்து பாருங்கள், பூ நசுங்காது.

சாலிகிராமம் உமா:

வாங்குவதற்கு முன் ஒன்று கோவைக்காரி. மூடிய ஹெட்போனுக்குத் துணி பேட் போட்டால் காற்று கசியும். பேஸ் குறையும், நாய்ஸ் கேன்சலிங் இருந்தால் அதுவும் பலவீனமாகும். கண்ணாடி போட்டிருந்தால் கண்ணாடிக் காம்பு பக்கம் இன்னும் கசியும். பஸ்ஸில் அமைதிதான் முக்கியம் என்றால் ரெக்சின் பேட்டையே புதிதாகப் போட்டு, இறங்கியதும் உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள். காற்றோட்டம்தான் முக்கியம் என்றால் துணி. இரண்டையும் ராஜா அண்ணாவிடம் வாங்கி வைத்துக்கொண்டு, மாற்றிப் போட்டுப் பாருங்கள்.